பாப்பா பிளந்த சுவர்

கட்டுமானச் சாமான் கடையில் இருபத்தாறு வருடம் கவுண்டரில் நின்றவன் நான். காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால் ஏழு மணிக்குள் சுற்றுவட்டாரத்து மேஸ்திரிகளில் பாதிப்பேர் வந்துவிடுவார்கள். ஆணி வாங்க வந்தவன் அரைமணி நேரம் வாயடித்துவிட்டு ஆணியை மறந்து போவான். யாருக்கு எந்த வேலை கிடைத்தது, யார் எழுப்பிய மதில் சாய்ந்தது என்பதெல்லாம் அந்தக் கவுண்டரைத் தாண்டித்தான் வெளியே போகும். பாப்பாவின் பெயர் கெட்டதும் அங்கேதான். அதில் எனக்குப் பங்கு இருந்தது. அதனால்தான் இதை நான் சொல்கிறேன்.

பாப்பா என்றதும் சின்னப் பெண் என்று நினைக்கவேண்டாம். நான் முதலில் பார்த்தபோதே முப்பதைத் தாண்டியவள். இடுப்பில் சுத்தியல், காதுக்குப் பின்னால் பென்சில், தோளில் ஆள் உயர ஜன்னல் சட்டம். அவளுடைய அண்ணன் அப்படிக் கூப்பிடுவார், நாங்களும் கூப்பிட்டோம். அண்ணனை எல்லோரும் மேஸ்திரி என்போம். கடைக்குப் பத்து மேஸ்திரிகள் வந்தாலும் அடைமொழி இல்லாமல் மேஸ்திரி என்றால் அவர் ஒருவர்தான். அவ்வளவு வேலை அவர் கையில் இருந்தது. வீடுகளுக்குப் பழைய ஜன்னலைக் கழற்றிப் புதியது வைப்பதுதான் அண்ணன் தங்கை இருவருக்கும் தொழில்.

எங்கள் பக்கத்து வீடுகள் பார்வைக்குக் கோட்டை மாதிரி இருக்கும். தட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். உள்ளே மரச்சட்டம், அதன்மேல் ஒட்டுப்பலகை, தார்க்காகிதம், கம்பிவலை, அதற்கும் மேலே மூன்று கை சிமெண்ட் பூச்சு. ஸ்டக்கோ வீடு என்பார்கள். பூச்சில் விழும் மழை கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். காகிதம் அதை வாங்கி வெளியே வடித்துவிடும். ஜன்னல் ஓட்டையில் காகிதம் அறுபட்டிருப்பதால் அங்கே மட்டும் தார் நாடா ஒட்டவேண்டும். கீழ்விளிம்பு முதலில், பக்கங்கள் அடுத்து, மேல்விளிம்பு கடைசியில். மேலே இருப்பது எப்போதும் கீழே இருப்பதன்மேல் படியவேண்டும், ஓடு வேய்கிற மாதிரி. மாற்றி ஒட்டினால் தண்ணீர் நேராகச் சுவருக்குள் போகும். நாலைந்து வருடம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் மரம் ஊறிப்போன ரொட்டி மாதிரி ஆகியிருக்கும்.

புதுச் சட்டத்தை அப்படி வைக்க, ஜன்னலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சை அறுத்து எடுக்கவேண்டும், காகிதத்தின்மேல் கத்தி படாமல். பாப்பா அதில் கெட்டிக்காரி. மேஸ்திரிக்கு அந்தப் பொறுமை கிடையாது. "எதுக்கு ஊரை உடைச்சுக்கிட்டு? பழைய சட்டத்து மேலயே புதுசை ஏத்தி, சுத்திப் பசையை இழுத்துவிடு. உன் ஆயுசுக்கும் தாங்கும்" என்பார். இருவரும் கவுண்டரிலேயே சண்டை போடுவார்கள். எங்களுக்குக் காலை நேரத்துக் கச்சேரி அது.

அப்படியிருக்க ஒரு பல் டாக்டர் வீட்டு வேலை வந்தது. மேட்டின் உச்சியில் இரண்டு மாடி வீடு. காற்றும் மழையும் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதல் அடி அதற்குத்தான். பதினான்கு ஜன்னல். பாப்பா பன்னிரண்டு ரோல் நாடா எழுதிக் கொடுத்து வாங்கிப் போனாள். கீழ்த்தளத்து ஜன்னல்களை அவள் முடித்ததும் மேஸ்திரி அவளை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, மேல்மாடியைத் தானே இரண்டு நாளில் முடித்தார். மூன்றாம் நாள் ஆறு ரோலைப் பிரிக்காமல் கொண்டுவந்து என்னிடம் திருப்பினார். நான் வாங்கி அலமாரியில் அடுக்கினேன்.

மூன்று வருடம் கழிந்தது. ஒருநாள் காலை பல் டாக்டர் கடைக்குள் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மேல்மாடி அறையில் ஜன்னலோரம் நின்ற அவருடைய அம்மாவின் கால், தரைப்பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. தொடை எலும்பு முறிவு. சுவரைப் பிரித்துப் பார்த்தால் ஜன்னலுக்குக் கீழே மரம் என்று ஒன்று இல்லை, கருப்புச் சேறுதான் இருந்திருக்கிறது.

"யார் செஞ்ச வேலை இது?" என்றார்.

கடையில் பதினைந்து பேர் இருந்தோம். அண்ணனும் தங்கையும் இருந்தார்கள்.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். "ஜன்னல் வேலை மொத்தமும் என் தங்கச்சி பொறுப்பு சார். நான் மேற்பார்வை பாக்கல. கூடப் பொறந்தவளாச்சேன்னு நம்பி விட்டேன். என் தப்புதான்" என்றார்.

பாப்பாவுக்கு முதலில் புரியவே இல்லை. சிரிக்கப் போனவள் மாதிரி வாயைத் திறந்தாள். "என்ன அண்ணே சொல்றே? மேல்மாடி நீ வச்சது. என்னை நீதானே அந்தப் பள்ளிக்கூட வேலைக்கு அனுப்பினே?"

"இப்ப வந்து என் தலையில கட்டாத பாப்பா. தப்பு நடந்துபோச்சு, ஒத்துக்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க சொல்லுங்க. நான் பன்னெண்டு ரோல் வாங்கினேன். மிச்ச நாடா திரும்பி வந்துச்சா, இல்லையா? யார் கொண்டாந்தா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். கடையின் பெரிய வாடிக்கையாளர். என் முதலாளி உள்ளறையில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஞாபகம் இல்லையேம்மா" என்றேன்.

அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சிறிய பொய் அது. டாக்டர் புகார் கொடுக்க, தொழில் அலுவலகம் ஜன்னல் வேலை செய்ய அவளுக்கிருந்த உரிமத்தை மூன்று வருடம் நிறுத்தி வைத்தது. கடையில் யாரோ ஒரு புத்திசாலி "ஒழுகுபாப்பா" என்று பெயர் வைத்தான். பிடித்துக்கொண்டது. அவள் பிள்ளையைக்கூடப் பள்ளியில் அப்படிச் சொல்லிக் கேலி செய்தார்களாம்.

அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர், நல்ல மனிதர். "போனா போகட்டும், வேற வேலை பாரு" என்றார். அவளும் பார்த்தாள். மூன்று வருடம் உயரமான அலுவலகக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைத்தாள். உரிமம் திரும்பக் கிடைத்த அன்றைக்கே தனியாகத் தொழிலை ஆரம்பித்தாள். யாரும் தொடத் தயங்குகிற ஒழுகல் வீடுகளாகத் தேடிப் பிடித்தாள். மேஸ்திரி வேலை பார்த்த வீடு என்றால் தனி உற்சாகம். சுவரைப் பிரிப்பாள், உள்ளே இருப்பதைப் படம் எடுப்பாள், வாயைத் திறக்காமல் சரிசெய்து மூடுவாள். அப்படி முப்பத்தொரு வீட்டுப் படங்கள் அவளிடம் சேர்ந்திருந்தன. ஒன்றைக்கூட அவள் வெளியே காட்டவில்லை. காட்டினால் அண்ணன் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அவை எல்லாமே அவள் கூட வேலை பார்த்த காலத்து வீடுகள். "இதுவும் அவ வச்சதுதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

என்னிடம் அவள் சாமான் வாங்கத் தவறியதில்லை. ஆனால் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. சீட்டை நீட்டுவாள், சாமானை எடுப்பாள், போவாள். நாடா வாங்கும்போது மட்டும் ஒவ்வொரு ரோலாக என் கண் முன்னால் எண்ணுவாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. சத்தமாக. பதினொரு வருடம் அந்த எண்ணிக்கையைக் கேட்டேன்.

அப்போதுதான் அவளுடைய அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது. நடுவில் அத்தனை வருடமும் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

"பாப்பா, வச்சிடாத. நான்தான் அண்ணி."

"சொல்லுங்க."

"எங்க படுக்கையறைச் சுவர் நாறுது. எட்டு மாசமா எனக்கு இருமல் நிக்கல. உங்க அண்ணன் பெயின்ட் அடிச்சா சரியாயிடும்னு ரெண்டு தடவை அடிச்சிட்டாரு. வெளியூர் வேலைக்குப் போயிருக்காரு, வர ரெண்டு வாரம் ஆகும். அதுக்குள்ள ஜன்னலை மாத்திக் குடுத்துடறியா? அவருக்குத் தெரிய வேண்டாம்."

"ஏன் அண்ணி, ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"நல்லா செய்யறது நீ ஒருத்திதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

அன்றைக்கே தெரிந்தவள் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று பாப்பா கேட்கவில்லை. மறுநாள் இரண்டு ஆட்களோடு போய் இறங்கினாள். வைர பிளேடு போட்ட மெஷினால் ஜன்னலைச் சுற்றி அறுத்தாள். பூச்சு பாளம் பாளமாக வந்தது. கூரை அகலமாக நீண்டு நிற்கிற வீடு என்பதால் அழுகல் மெதுவாகத்தான் நடந்திருந்தது, ஆனால் நடந்திருந்தது. கட்டில் தலைமாட்டுச் சுவர் முழுக்கக் கருப்புப் பூஞ்சை. நாடா என்று ஒரு விரல் நீளம்கூட இல்லை. வெறும் பசை.

அழுகாமல் மிஞ்சிய மேல் பலகையில் பென்சிலால் எழுதியிருந்தது. அண்ணனின் சாய்ந்த கையெழுத்து. தேதி, அதன் கீழே, "ஒன்பது ஜன்னலும் நானே என் கையால் வைத்தது." பல் டாக்டர் வீட்டு வேலைக்கு ஒரு வருடம் முந்தைய தேதி.

பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள். அதைப் படித்ததும் முதலில் சந்தோஷம் வந்ததாம். அடுத்த நிமிடம், அதுவரை இல்லாத கோபம் வந்ததாம். "திருடன்னே நினைச்சிருந்தேன். அடுத்தவன் வீட்டை ஏமாத்தினவன் தன் வீட்டையாவது ஒழுங்கா வச்சிருப்பான்னு நினைச்சேன். பொண்டாட்டி தலைமாட்டுலயும் அதையேதான் செஞ்சிருக்கான். அவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். வேலை தெரியாது. அதை ஒத்துக்க வெட்கப்பட்டுக்கிட்டு என்னைக் கொன்னுட்டான்."

அந்தக் கோபத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். அழுகிய மரத்தை மாற்றினாள், புது ஜன்னலை ரசமட்டம் வைத்துப் பொருத்தினாள். ஆட்களை வெளியே வண்டிக்கு அனுப்பிவிட்டு, படுக்கையறை ஜன்னலுக்கு மட்டும் நாடாவைத் தலைகீழாக ஒட்டினாள். மேல்விளிம்பு முதலில், பக்கங்கள் அதன்மேல். கம்பிவலையை அடித்தாள். கரணையை எடுத்து முதல் கை பூச்சைத் தானே பூசினாள். இனி வருகிற ஒவ்வொரு மழையும் அவளுக்காக வேலை செய்யும். கண்டுபிடிக்க ஐந்து வருடம் ஆகும்.

முதல் கை பூச்சு காய்ந்து இறுக நாளாகும். அதுவரை தினமும் தண்ணீர் தெளித்து ஈரமாக வைக்கவேண்டும். பாப்பா தானே வந்து தெளித்தாள். தெளிக்கும்போதெல்லாம் சுவருக்குள் அதே தண்ணீர் இறங்குவதை மனதில் ஓட்டிப் பார்த்து ருசித்ததாகச் சொன்னாள். மூன்று நாள் அப்படி. நான்காம் நாள் தெளித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

அண்ணியின் இருமல் உள்ளிருந்து கேட்டது, அதற்கு மனம் இளகினாள் என்றுதான் நான் எண்ணினேன். கேட்டேன். என்னை முறைத்தாள்.

"இருமட்டுமே, எனக்கென்ன? நான் வச்ச ஜன்னல் ஒழுகினா அவன் அன்னைக்குச் சொன்னது நெஜமாயிடும். அது எனக்குத் தோணவே நாலு நாள் ஆச்சு."

சுத்தியலை எடுத்துத் தான் பூசிய பூச்சைத் தானே உடைத்தாள். ஆட்கள் இரண்டு பேரும் அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். நாடாவைக் கிழித்தெறிந்துவிட்டு, கீழே, பக்கம், மேலே என்று முறைப்படி ஒட்டி, முதலிலிருந்து பூசினாள். மற்ற எட்டு ஜன்னலையும் அதேபோல முடித்தாள். ஒரு மூலையில்கூடக் குறை சொல்ல முடியாத வேலை. பென்சில் எழுத்து இருந்த பலகையை மட்டும் அறுத்து வண்டியில் போட்டுக்கொண்டாள்.

மேஸ்திரி ஊர் திரும்பிய மறுநாள் காலை. நான் கதவைத் திறக்கும்போதே பாப்பா வாசலில் நின்றாள். உள்ளே வந்து கவுண்டருக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டாள். ஒவ்வொருவராக வந்தார்கள். பாப்பா சீட்டு நீட்டவும் இல்லை, போகவும் இல்லை. கடை நிறைந்ததும் மேஸ்திரி வந்தார். முகம் வீங்கியிருந்தது. வீட்டுச் சுவரை அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

"என் வீட்டுக்குள்ள உன்னை யாரு விட்டது?" என்றார்.

"அண்ணிதான் கூப்பிட்டாங்க. மூச்சு முட்டுதாம்."

பலகையைக் கவுண்டரில் வைத்தாள். கீழ்ப்பாதி உதிர்ந்து மேசையெல்லாம் கருப்புத் துகள்.

"எல்லாரும் வாங்க. படிக்கத் தெரிஞ்சவங்க சத்தமா படிங்க."

ஒருவன் படித்தான். ஒன்பது ஜன்னலும் நானே என் கையால் வைத்தது.

"இதுல நாடா எங்கண்ணே? உன் சொந்த வீடு. நான் அந்தப் பக்கமே வரல. இதுவும் நான் வச்சதா?"

"பாப்பா, வீட்டு விஷயம். வெளியில போய்ப் பேசலாம்" என்றார் மேஸ்திரி.

"அன்னைக்கு வெளியில போய்ப் பேசினியா?" என்றவள் என்னிடம் திரும்பினாள். "உங்களுக்கு இப்பவாவது ஞாபகம் வருதா?"

என் முதலாளி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று தோன்றியது. "ஆறு ரோல் திரும்பி வந்துச்சு. பிரிக்காம. மேஸ்திரிதான் கொண்டாந்தாரு. என் கையாலதான் வாங்கி வச்சேன். அன்னைக்கே தெரியும். பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

மேஸ்திரி பலகையைத் தொட்டார். விரலோடு ஒரு துண்டு பிய்ந்து வந்தது. "மேல்மாடி நான்தான் வச்சேன்" என்றார், தரையைப் பார்த்து.

"கேக்கல."

"பாப்பா..."

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல அண்ணே."

"டாக்டர் வீட்டு மேல்மாடி நான் வச்சது! இவ இல்ல!" என்று கத்தினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அறுபதைத் தாண்டிய மனிதர். எங்களில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பாப்பா திருப்பவில்லை. சாப்பாட்டுக்குக் காத்திருந்தவள் சாப்பிடுவதைப்போல நிதானமாகப் பார்த்தாள்.

அதோடு விடவில்லை. அண்ணனை வண்டியில் ஏற்றிப் பல் டாக்டரின் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். நானும் போகவேண்டும் என்றாள், போனேன். டாக்டர் கையுறையோடு கதவுக்கு வந்தார். மேஸ்திரி சொன்னதைக் கேட்டார். "அம்மா போய் நாலு வருஷம் ஆகுது. உள்ளே ஒருத்தருக்கு ஊசி போட்டு வச்சிருக்கேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். கதவு சாத்திய பிறகும் பாப்பா ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். இதற்காகவா இத்தனை வருடம் என்று நான் கேட்க நினைத்தேன்.

செய்தி பரவ ஒருநாள் போதுமானதாக இருந்தது. மேஸ்திரியிடம் வேலை கொடுத்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். முப்பத்தொரு வீட்டுப் படங்களையும் பாப்பா அந்தந்த வீட்டுக்காரர்களுக்கு அனுப்பிவைத்தாள். ஒரு வருடத்தில் அவர் வண்டியை விற்றார். அண்ணியின் இருமல் நின்றது. அதன்பிறகு அண்ணி நடுவில் வந்து பேசினாள். பாப்பா அண்ணனுக்கு வேலை கொடுத்தாள்.

அதைக் கேட்டுப் பலர் அவளைப் புகழ்ந்தார்கள். என்ன இருந்தாலும் ரத்தம், மன்னித்துவிட்டாள் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, நான் ஓய்வு பெற்று என் வீட்டு ஜன்னல்களை மாற்ற அவளைக் கூப்பிடும்வரை.

அண்ணனுக்கு அவள் கொடுத்திருந்த வேலை நாடா ஒட்டுவது. அது மட்டும்தான். என் வீட்டுப் பின்பக்கத்து ஜன்னலில் அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து கீழ்விளிம்பை ஒட்டினார், பக்கங்களை ஒட்டினார், குட்டை ஏணியில் ஏறி மேலே ஒட்டினார், ரோலரால் அழுத்தித் தேய்த்தார். அவருடைய கையும் இப்போது பழகிவிட்டிருந்தது. இருபத்தாறு வருடம் இந்தத் தொழிலைப் பார்த்தவன் சொல்கிறேன், அதில் ஒரு பிசகு இல்லை.

பாப்பா வந்தாள். நாலு மூலையிலும் நகத்தை ஓட்டினாள். எங்கும் சிக்கவில்லை. பிறகு மேல்விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் முழு நாடாவையும் கிழித்தாள்.

"மறுபடி ஒட்டு."

மேஸ்திரி புது ரோலைப் பிரித்தார்.

"நல்லாத்தானே இருந்துச்சு பாப்பா?" என்றேன். "ரெண்டு வருஷமா இப்படியா? போதாதா?"

"போதல" என்றாள். "நீங்க சும்மாதானே நிக்கறீங்க? ஏணியைப் பிடிங்க."

நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அந்த ஒரு ஜன்னலுக்கு அவர் மூன்று தடவை ஒட்டினார்.